ஒன்றரை ஷிப்ட் கேட்டு வாங்கியவள்

என் சுமதிக் கண்ணு,

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் உன் அண்ணிக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டதா என்றுதான் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த பன்னிரண்டு வருஷத்தில் நான் உன்னிடம் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறேனா? ரசத்தில் நான் உப்பை அள்ளிக் கொட்டிய அன்றுகூட உன் உப்பு ஜாடி மேல்தான் பழி போட்டேன். இன்றைக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ மஞ்சள் காமாலையில் போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மகள் தாரணி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், உன்னைப் போலவே இடது பக்கம் வகிடு எடுக்கிறாள். என்னிடம் இருக்கிற நல்ல சேதி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தம்பி சண்முகத்தைப் பற்றியது.

காரியம் முடிந்த பிறகு அவன் பதினைந்து நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சோறு வைத்தால் ஆறிக் கிடக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நம் திருப்பூரில் எந்தத் துக்கத்துக்கும் ஒரே மருந்துதானே? வேலைக்குப் போ. இன்னும் ஆறவில்லையா, கூட நாலு மணி நேரம் போ. நானும் அதைத்தான் செய்தேன். நேராக நம் பனியன் கம்பெனி மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், தம்பிக்கு தெனமும் ஒன்றரை ஷிப்ட் போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கெழமையும் சேத்தியே போடுங்க. வேலைல இருந்தா மறந்துருவானுங்க."

"நல்ல யோசனைங்கக்கா. நமக்கும் ஷிப்மெண்ட் நெருக்குதுங்க" என்றார் அவர்.

எவ்வளவு பெருமையாகப் பேக்கிங் செக்‌ஷனுக்குத் திரும்பி வந்தேன் தெரியுமா? தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று அட்டைப்பெட்டி மடிக்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவான். துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் அவனைப் போல ஆள் இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். மத்தியானச் சோற்றுக்கு உட்காருவதை நிறுத்தினான். சோற்றோடு போன தூக்குப் போசி அப்படியே திரும்பி வந்தது. டீக்காரர் எத்தனை தடவை வந்தாலும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டான். தூங்குகிறானா என்று கேட்டால், "படுக்கறேன்க்கா" என்பான். படுப்பதும் தூங்குவதும் ஒன்றில்லை என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

சாயங்காலம் ஐந்தரைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்ததே, அதுவும் போயிற்று. அவன் பழைய கட்டடத்தில், நீ புதுக் கட்டடத்தில் செக்கிங்கில். யார் முதலில் பின்கேட்டுக்கு வருகிறீர்களோ அவர்கள் மற்றவர் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்வீர்கள். கம்பெனி வேன் சும்மா நின்றாலும் ஏறாமல், வீரபாண்டி வரைக்கும் நடந்தே போய், கீரைக்காரம்மாவிடம் வம்பளந்துவிட்டு வீடு சேருவீர்கள். "வேனுக்கு ஆகாத மகராணி" என்று உன்னை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அந்த நடையில்தான் என் தம்பி பகல் வெளிச்சத்தைப் பார்த்தான், பேசினான், பசித்து வீட்டுக்கு வந்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை.

முதலில் கண்டுபிடித்தது உன் மகள்தான். "அத்தை, அப்பா என்னைப் பாக்கறாங்க, ஆனா பாக்கறதில்லீங்க" என்றாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்று சடை பின்னி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நூறு அடுக்குத் துணி விரித்து, கட்டிங் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கத்தி ஓடுகிறது, துணி கோடு தாண்டி அறுபட்டிருக்கிறது, இவன் கை அதன் பக்கத்திலேயே இருக்கிறது. எதிரே துணி விரிக்கிற பீகார்க்காரர் ராம்பிரசாத், "மாஸ்டர்ஜி! மாஸ்டர்ஜி!" என்று கத்திப் பார்த்து, ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அக்கா, நான் செத்துட்டு இருக்கறேன்க்கா" என்றான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் உன்னைத் திட்டினேன் சுமதி. நீ போனது போதாதா, அவனையும் கூப்பிட்டுக்கொள்கிறாயா என்று வாய்விட்டே திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

ஈசிஜியில் ஒன்றுமில்லை. இருதயம் நன்றாக இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். "எங்க தம்பிக்குப் பைத்தியமெல்லாம் இல்லீங்க" என்று சண்டைக்கு நின்றேன். அவன்தான், "போலாங்க்கா, என்னால முடியல" என்றான்.

அந்த டாக்டரம்மா முதலில் மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க" என்றார். டீயை எண்ணச் சொன்னார். பதினான்கு வந்தது. கடைசியாக வெயில் படுகிற நேரத்தில் வீட்டுக்குப் போனது எப்போது என்று கேட்டார். அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"சாகலாம்னு தோணுதுங்களா?" என்று நேராகவே கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்தபடி, "சில நேரம் தோணுதுங்க" என்றான்.

"எதுக்கு தெனமும் ஒன்றரை ஷிப்ட் பாக்கறீங்க?"

"தெரியலீங்க. மேனேஜர் எம்பேரையே போடறாருங்க. வேண்டாம்னு சொல்லத் தெம்பில்லீங்க."

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கே நியாயம் பேசுகிற உன் அண்ணி அன்றைக்கு ஊமையாக இருந்தாள்.

டாக்டரம்மா எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். துக்கம் பொண்டாட்டி போனதால் வந்தது, அதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கமும் சோறும் இல்லாத உடம்பில் பதினான்கு டீயை ஊற்றினால் படபடப்பு வராமல் என்ன செய்யும்? நாள் முழுக்க நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால் மனசு இன்னும் கீழேதான் போகும். மாத்திரை உண்டு, அது அக்கா கையில் இருக்கட்டும். ஆளைத் தனியே விடாதீர்கள். அதோடு ஒரே ஷிப்ட், மூன்று டீ, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குப் படுக்கை, தினமும் சாயங்காலம் ஒரு நடை. "மாத்திரைய மட்டும் போட்டுட்டு மத்ததை விட்டுட்டு வராதீங்க" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து அவனிடம் சொல்லிவிட்டேன். "சண்முகம், உனக்கு ஷிப்ட் கேட்டது நாந்தான்டா."

அடிப்பான், அழுவான் என்று நினைத்தேன். "நீ கேக்காட்டி நானே கேட்டிருப்பேன்க்கா. அஞ்சரைக்கு வெளிய வந்தா எங்க போறதுன்னு தெரியல" என்றான்.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகையை நீ பார்த்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து அவனும் தாரணியும் என் வீட்டில்தான். நான் மறுபடியும் மேனேஜரிடம் போனேன், இந்தத் தடவை ஷிப்டைக் குறைக்கச் சொல்லி. முகத்தைச் சுளித்தார். நான் அதைவிட நன்றாகச் சுளித்தேன். மத்தியானம் கட்டிங் செக்‌ஷனுக்கே போய் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறேன். டீக்காரரிடம் மூன்றுக்கு மேல் கொடுத்தால் டம்ளரை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது விடியக்காலம் வரை தூங்குகிறான், எல்லா நாளும் இல்லை.

சாயங்காலம்தான் வசத்துக்கு வரவில்லை. ஐந்தரை மணி ஆனால் முன்கேட்டில் போய் நிற்பேன். வருவான், முகம் வெளுத்திருக்கும், என்னோடு வேனில் ஏறுவான். நடக்கலாமா என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டுவான். பின்கேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு நாள் வெளியே வராமல், எனக்குத் தெரியாமல் மேனேஜரிடம் போய் இன்னும் அரை ஷிப்ட் கேட்டுக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இன்றைக்கு ஐந்தரைக்கு நின்றேன். ஐந்து நாற்பது ஆயிற்று. ஆளைக் காணோம். ராம்பிரசாத் வெளியே வந்தார். "மாஸ்டர்ஜி எப்பவோ போயாச்சு தீதி" என்றார், அக்கா என்பதற்கு அவர் தீதி என்பார். எங்கே? அவருக்குத் தெரியவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். டாக்டரம்மாவிடம் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டாய்லெட் பக்கம் ஓடினேன், குடோனில் பார்த்தேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். சாமி எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை கண்ணு, உன் பெயர்தான் வந்தது.

அப்போது என் செல்போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். கட் ஆகிவிட்டது. பார்த்தால் சண்முகம்.

பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்காமல் கட் செய்தான். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கட். அதற்குப் பிறகுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. கம்பெனியைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினேன்.

பின்கேட்டில் நின்றுகொண்டிருந்தான். கையில் தூக்குப் போசி. அந்த வெயிலில் நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் நின்றுகொண்டிருந்தான்.

"மிஸ்டு கால் உட்டா வரோணும். திருப்பிக் கூப்புடக் கூடாது. இதுகூடத் தெரியாதாக்கா?" என்றான்.

நாங்கள் நடந்தோம். பாதி வழியில் இரண்டு தடவை நின்றுவிட்டான், நானும் நின்றேன். கீரைக்காரம்மா அவனைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு கேட்காமலே நீ எப்போதும் வாங்குகிற முருங்கைக் கீரையை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனபோது வெயில் இருந்தது. தாரணி வாசலிலேயே அப்பனின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து, "ஏன் கண்ணு, வகிடு கோணலா இருக்குது?" என்று கேட்டான்.

நாளைக்கும் அந்தக் கேட்டுக்கு வருவானா? எனக்குத் தெரியாது. நாளைக்கு மறுநாள் பழையபடி ஆகிவிட்டால்? அதுவும் தெரியாது. டாக்டரம்மா இன்னும் பல மாதம் ஆகும் என்கிறார்.

நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் சுமதி. அவனைக் கேட்காமல் அவனுக்காக எதையும் கேட்டு வாங்க மாட்டேன். மகராணி நடந்த ரோட்டில் என் முட்டி வலித்தாலும் நடப்பேன். ஐந்தரைக்கு போனைக் கையிலேயே வைத்திருப்பேன், ஒரு ரிங் அடித்தால் எடுக்க மாட்டேன், ஓடி வருவேன். அடிக்காவிட்டால் அதைவிட வேகமாக ஓடுவேன்.

என்னை மன்னித்துவிடு.

உன் உப்பு ஜாடியைக் குறை சொன்ன,
உன் புருஷனின் அக்கா,
ஈஸ்வரி அண்ணி