காலையில் எடுக்காத வண்டி

2 டிசம்பர் 2025, செவ்வாய்

இன்றைக்கும் அதே கூத்து. நாலே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன். பிடித்தது, வாசலைத் தாண்டுவதற்குள் அணைந்தது. மறுபடி பிடித்தது, அணைந்தது. ஆறாவது முறைதான் நின்று ஓடியது. பள்ளிபாளையம் மில்லில் கைரேகை வைக்கும்போது மணி ஆறு பத்து. ஷிப்டு ஆறு மணிக்கு. பத்து நாளில் மூன்றாவது தாமதம்.

துணி சோதிக்கும் பிரிவில் பதினொரு வருடம் ஆகிறது. மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருப் பக்கம் முதல் பஸ் வருவதற்குள் அங்கே ஷிப்டு தொடங்கிவிடும். அதற்காகத்தான் என் சம்பளத்தில் இந்தப் பழைய பெட்ரோல் காரை வாங்கினேன். இது இல்லையென்றால் வேலை இல்லை. அவ்வளவுதான்.

3 டிசம்பர்

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். வருடத்தில் பத்து மாதம் அங்கேதான். நான் சொல்லி முடிக்கவில்லை, வைத்தியம் வந்துவிட்டது.

"ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே சாவி போடு பிரியா. இங்க குளிர்ல நாங்க அப்படித்தான எடுக்கறோம்."

சரி, இருபது வருடமாக வண்டியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் சொல்கிறார்.

4 டிசம்பர்

முழுக்க மிதித்தேன். இப்போது பிடிக்கக்கூட இல்லை! சுற்றுகிறது, சுற்றுகிறது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். ஏழேகால்.

அவருக்குச் சொன்னால், "நீ சரியா மிதிச்சிருக்க மாட்ட" என்கிறார். என் கால், என் வண்டி — சத்தீஸ்கரிலிருந்து தெரிகிறதாக்கும்!

6 டிசம்பர், சனி

வேலை முடிந்து செங்கோட்டையன் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். சூடாக இருக்கும் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க அம்மிணி எடுக்குது?" என்றார். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும்போதுதான் மக்கர் செய்கிறது என்று மூன்று முறை சொன்னேன். "அப்பச் செரி, இங்கயே உட்டுட்டுப் போங்க. காலைல நீங்க வந்ததுக்கப்பறம் எடுத்துப் பாக்கலாமுங்க."

7 டிசம்பர்

லீவு நாளும் அதுவுமாக விடியும்போதே பட்டறைக்குப் போய் நின்றால், பானெட் சுடுகிறது.

"ஒரு டெம்போ வெளிய போகோணும்னுச்சுங்க. உங்க வண்டிய ஒதுக்கி வெச்சேன். ஒருக்கா அணைஞ்சுது, அப்பறம் உடனே எடுத்துருச்சே!"

"எதுக்குங்க நான் ராத்திரி பூரா உட்டுட்டுப் போனேன்? அழகு பாக்கறதுக்கா?"

கத்திவிட்டேன். பக்கத்து டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. செங்கோட்டையனுக்கு எடுத்த வண்டி எனக்கு மட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது?

9 டிசம்பர்

இன்று வீட்டுக்காரர் போனில் பேசியதை எழுதவே பிடிக்கவில்லை. பட்டறைக் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"பாத்தியா? வண்டில ஒண்ணுமில்ல. உனக்கு எடுக்கத் தெரியல. கந்தப்பன் சித்தப்பா ரொம்ப நாளா ஒரு கார் கேட்டுட்டே இருக்கறாரு. பொங்கலுக்கு வந்ததும் குடுத்தரலாம்."

"நான் வேலைக்கு எதுல போறது?"

"போதும் போ. ஊட்ல இரு. எத்தன நாளைக்குத்தான் போவ?"

எத்தனை நாளா? என்னைக் கேட்டா ரிக் வண்டிக்குப் போறீங்க? என் வண்டியை விற்க நீங்கள் யார்? — இதையெல்லாம் கேட்டேனா? இல்லை. "செரி, வெக்கறேன்" என்று போனை வைத்துவிட்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

11 டிசம்பர்

மேனேஜர் கூப்பிட்டார். இன்னும் ஒரே ஒரு தாமதம், அத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவாராம். நாலு மணிக்கே எழுந்து வண்டியோடு மல்லுக்கட்டுகிறேன். பத்து நிமிஷம் மிதித்துக் கால் ஓய்ந்து விடும்போதுதான் எப்படியோ பிடிக்கிறது.

15 டிசம்பர்

நேற்று குக்கர் நழுவி வலது கால் பெருவிரலில் விழுந்தது. காலையில் விரல் வீங்கி, பெடலில் வைக்கவே முடியவில்லை. இன்றைக்கு வேலை போயே போச்சு என்று அழுதுகொண்டேதான் சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது.

ஒரே சுற்று! உடனே அணைந்தது, ஆனால் பிடித்தது. மறுபடி திருப்பினேன், பிடித்தது. பிறகு குதிகாலால் கொஞ்சமாக அழுத்திக் கொடுத்தேன், நின்று ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

16 டிசம்பர்

மிதிக்காமல் திருப்பினேன். பிடித்தது, அணைந்தது, மறுபடி பிடித்தது.

17 டிசம்பர்

வேண்டுமென்றே இடது காலைக் கொண்டுபோய் முழுக்க மிதித்துப் பார்த்தேன். வெறும் சுற்றல். காலை எடுத்தேன், பிடித்தது.

அப்படியானால் இத்தனை நாள் வண்டியை எடுக்க விடாமல் செய்தது நான்தான். இல்லை, அவர். இல்லை, அவர் சொன்னார் என்று மறுபேச்சில்லாமல் மிதித்த நான்தான்! ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா?

21 டிசம்பர்

இந்த முறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. செங்கோட்டையனை விடியலில் வீட்டுக்கே வரவழைத்தேன். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட சாமி! டீசல் வண்டிப் பழக்கத்தக் கொண்டாந்து இதுல பண்ணிருக்கீங்களே. இதுல முழுசா மிதிச்சுட்டுச் சாவி போட்டா, உள்ள பெட்ரோல் ரொம்பிப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சு அதுவே பெட்ரோல நிறுத்திப்போடுமுங்க."

அணைவதற்குக் காரணம் வேறு. இன்ஜினுக்குக் காற்று போகிற வாயில் கரி படிந்திருந்தது. அரை மணி நேரத்தில் கழற்றித் துடைத்து மாட்டினார். அவ்வளவுதான் வியாதி. அன்றைக்குக் கத்தியதற்கு வருத்தம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "பட்டறைக்காரன் சொல்லிட்டானாக்கும்! நான் இருவது வருசமா என்னத்த ஓட்டறேன்?"

4 ஜனவரி 2026

இரண்டு வாரமாக ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. அவரிடம் மறுபடி சொன்னேன், வண்டியை விற்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். சித்தப்பாவிடம் பேசி முடித்தாகிவிட்டதாம். என்னிடம் யார் பேசி முடித்தது?

13 ஜனவரி, செவ்வாய்

நேற்று அவர் ஊருக்கு வந்துவிட்டார். இன்று நாலரைக்கே வாசலில் கந்தப்பன் சித்தப்பா, தலையில் மப்ளரோடு.

"காலைல மக்கர் பண்ணுதுன்னு சொன்னாங்க. குளிர்ல எடுத்துப் பாத்தரலாம்னு வந்தனுங்க அம்மிணி."

"அவளுக்கு எடுக்கத் தெரியாதுங்க சித்தப்பா. நான் எடுத்துக் காட்டறேன்" என்று இவர் உள்ளே உட்கார்ந்தார். வலது கால் தரையோடு தரையாகப் போனது.

"மிதிக்காதீங்க" என்றேன்.

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டு முறை எண்ணினேன். சித்தப்பா மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "இது நமக்கு ஆவாது சாமி. நான் வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

தெரு முனையில் சித்தப்பா திரும்பும்வரை இவர் இறங்கவில்லை.

"எறங்குங்க. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."

உட்கார்ந்தேன். வலது காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று.

திறந்திருந்த கதவைப் பிடித்தபடி இவர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வாய் எடுத்தார். நான் கதவைச் சாத்தினேன். மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.