கேட்டின் கண்ணில் சந்தனம்

வெள்ளி இரவு, ஆயுத பூஜைக்கு மறுநாள்

வேலை முடிந்து ராசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், தானாக மூடும் ஆட்டோ கேட் பாதி மூடி மறுபடியும் திறந்துகொள்கிறது. தண்டவாளத்து இலைகளைப் பொறுக்கினேன், சக்கரத்துக்கு கிரீஸ் போட்டேன், ரிமோட் பேட்டரியை மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் மகள்தான் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, சென்சார் கண்ணுல சந்தனம் அப்பியிருக்குலா."

குறுக்கே ஆள் நிற்பதாக நினைத்துத் திறந்திருக்கிறது. துடைத்ததும் மூடியது.

நேற்று காருக்குப் பொட்டு வைத்த மனைவி, "அங்க நான் வைக்கலைங்க" என்றாள். மகளும் இல்லையாம். மிச்சம் என் அப்பா. ஞாபகம் தப்பி, எப்போதோ வேலை பார்த்த சுவா எஸ்டேட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று ரோட்டில் இறங்கிவிடுகிறார். அதற்காகத்தான் இந்தக் கேட்டையே போட்டோம்.

அவரிடம் கேட்டேன். "மெசினுக்கு வைக்காம இருக்கலாமாடா?" என்றார்.

சரிதான். ஆனால் பூஜை நேற்றே முடிந்துவிட்டது. காலையில் கேட் நன்றாகத்தான் மூடியது. கேட்டை இழுக்கும் மோட்டாரில் பொட்டே இல்லை. கண்ணில் மட்டும், அதுவும் கட்டியாக.

பக்தியா, வேறு ஏதாவதா? எனக்குப் புரியவில்லை. எதற்கும் ஒரு பூட்டையும் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவர் செருப்பு வாசலில் கேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.