அவகிட்ட கேட்டுட்டு வாரேன்

அப்பா,

விரலில் பூண்டு மணக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அடுத்த வீட்டு அக்கா தன் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். லேகியம் கிண்டுவதற்காக ஒரு முறம் நிறைய மலைப்பூண்டைக் கொட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் சேலைகூட மாற்றாமல் அவரோடு உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன். கடைசிப் பூண்டை உரிக்கும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"டீச்சர், நாளைக்கு இவளைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்களும் கூட வாங்களேன். டாக்டரம்மா சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. நீங்கன்னா கேள்வி கேப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி கேட்கிறவள் என்று எனக்குப் பெயர்! உங்களோடு மார்க்கெட்டுக்குப் போகவே கூச்சப்பட்டவள் நான். கத்தரிக்காய் வாங்கப் போனால், எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது, காம்பு ஏன் வாடியிருக்கிறது என்று கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள். நான் தள்ளி நின்று, இந்த மனிதர் யாரோ என்பதுபோல் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்டால், கண்டக்டர் வேலையில் வந்த புத்தி என்பீர்கள். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் உங்கள் வாழ்க்கையே ஓடியது. முருகனைப் பார்க்கப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் மாதா கோயில் வேதக்காரர் என்று டிரைவர் மாமா உங்களைக் கேலி செய்வார். "எங்க போகணும்னு கேக்காம டிக்கெட் கிழிக்க முடியுமா?" என்பது உங்கள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. பஸ்ஸுக்கு மட்டும் சொன்ன வார்த்தை இல்லை அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் கல்யாணமாகி வேடசந்தூரில் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார் என்பதால், வளைகாப்பு அன்றைக்கே அத்தை பேச்சை எடுத்துவிட்டார். "பொம்பள இல்லாத வீட்டுக்கு எப்படி சம்பந்தி தலைப்பிரசவத்துக்கு அனுப்புறது? இங்கயே இருக்கட்டும்."

நீங்கள் வாயில் புளிசாதத்தோடு நிமிர்ந்தீர்கள். "பொம்பள இல்லைன்னா என்ன, அப்பன் நான் இருக்கேன்ல?"

பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி நீண்ட லீவு வாங்கிக்கொண்டு, என்னைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள். வந்த பிறகுதான் உங்களுக்குப் பயம் பிடித்தது. பிரசவம் என்றால் என்னவென்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் பிறந்தபோது நீங்கள் ஒட்டன்சத்திரத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தீர்களாம்.

தெரியாவிட்டால் என்ன, கேட்டால் போயிற்று என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனீர்கள். நம் தெருவுக்குத் தண்ணீர் வருவதே அத்தி பூத்தாற்போலத்தான். வரும் நாளில் அத்தனை பெண்களும் அங்கேதான் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே நின்று, "ஏம்மா, ஒனக்கு வலி வந்தப்ப அதுதான் வலின்னு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டீர்களே! சன்னலுக்குள் நின்றிருந்த எனக்கு மானம் போனது.

"கண்டக்டரண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடி" என்று ஒருத்தி சிரித்தாள். அடுத்தவள் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. குழாயில் தண்ணீர் நின்ற பிறகும் யாரும் நகரவில்லை. அதுவரைக்கும் அவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை போலும்.

"என்னமோ ஊசி போட்டாங்கண்ணே. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதுக்கு, பேசாம படுன்னாங்க."

"என்னையக் கீறித்தான் எடுத்தாங்க. ஏன் கீறுனாங்கன்னு எனக்கும் தெரியாது, எம் புருஷனுக்கும் தெரியாது."

நீங்கள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தீர்கள். முகம் செத்திருந்தது. "அம்புட்டுப் பேரும் பெத்திருக்காளுக தாயி. தனக்கு என்ன செஞ்சாங்கன்னு ஒருத்திக்கும் தெரியல" என்றீர்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒனக்கு அப்படி ஆகக்கூடாது" என்றீர்கள்.

அடுத்த செக்கப்புக்கு நீங்களும் உள்ளே வந்தீர்கள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பெஞ்சில் வரிசையாகக் கர்ப்பிணிகள், அவர்களுக்கு நடுவே நரைமீசையோடு நீங்கள். "அய்யா, ஆம்பளைங்க வெளிய உக்காருங்க" என்றார் நர்ஸ். "எம் புள்ளைக்கு அம்மா இல்லம்மா. நாந்தான் அம்மா" என்றீர்கள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இந்த மாத்திரை எதற்கு, கால் ஏன் வீங்குகிறது, பொய்வலிக்கும் நிசவலிக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் அடுக்கிக்கொண்டே போக, டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதாம்மா டாக்டர். அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவர் உங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். வலி எப்படி விட்டு விட்டு வரும், பனிக்குடம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும், பிள்ளையின் அசைவு குறைந்தால் ஏன் உடனே ஓடிவர வேண்டும், எப்போதெல்லாம் ஆபரேஷன் தேவைப்படும் என்று எல்லாவற்றையும் சொன்னார். பாதி எனக்கும் புதிது. மூச்சை எப்படி இழுத்து விடுவது என்றுகூடக் காட்டிக் கொடுத்தார். சாயங்காலம் நாம் நடக்கப் போகும்போது அதை நீங்கள் உங்கள் பாஷையில் திருப்பிச் சொல்வீர்கள். "ஒவ்வொரு வலியும் ஒரு ஸ்டாப்பு தாயி. நிக்கும், கெளம்பிரும். கடைசி ஸ்டாப்ப நெனைக்காத. இந்த ஸ்டாப்ப மட்டும் பாரு."

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாதா பிறந்தநாள் நெருங்கும் வரைக்கும். டாக்டர் சொன்ன தேதி அதற்குப் பின்னால் தள்ளி இருந்தது. ஆனால் அத்தைக்கு, மாதா பிறந்த அன்றே பேரப்பிள்ளையும் பிறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வேண்டுதலும் போட்டுவிட்டார். நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்வீட்டு மருமகளை வாயார நையாண்டி செய்தவர்தான் இவர்! வேடசந்தூரிலிருந்து புறப்பட்டு வந்து, எங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வந்து, "ஊசி போட்டு வலி வரவச்சிரலாமே டாக்டர்?" என்று கேட்டே விட்டார். மாசம் நிறைந்துவிட்டது, வேண்டுமானால் செய்யலாம் என்றார் டாக்டர்.

"செய்யலாம்ங்கறது சரிம்மா. செய்யணுமா?" என்றீர்கள் நீங்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "செய்யணும்னு கட்டாயம் இல்ல. கர்ப்பப்பை வாய் இன்னும் பக்குவப்படல. இப்ப ஊசி போட்டா வலி நீளலாம், சில பேருக்கு ஆபரேஷன்ல போயும் முடியும். தாயும் பிள்ளையும் நல்லாத்தான் இருக்காங்க, காத்திருக்கலாம்."

நீங்கள் அத்தையைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற தாயி?" என்றீர்கள்.

அப்பா, கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தபோதுகூட யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "இருக்கட்டும்ப்பா. தானா வரட்டும்" என்றேன். அத்தை நம் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மாதா பிறந்தநாள் வந்தது, போனது. அதற்கப்புறம் ஒரு காலை நேரத்தில் நீங்கள் லேகியத்துக்கு மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலி கண்டது. உரித்த பூண்டை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினீர்கள். அன்று பகல் முழுக்க நான் ஒவ்வொரு ஸ்டாப்பாகத்தான் கடந்தேன். கதவுக்கு வெளியே நீங்கள் நடக்கும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டாக்டரின் முகம் மாறியது. நர்ஸ் வெளியே போனார்.

பிள்ளை இறங்கவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று அவர் உங்களிடம் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் ஷிப்டிலிருந்து கிளம்பி இன்னும் வந்து சேரவில்லை. அத்தை வந்திருந்தார். "அன்னிக்கே மாதா நாள்ல ஊசியப் போட்டிருந்தா இந்நேரம் புள்ளையக் கொஞ்சிட்டிருப்போம். கேள்வி கேட்டே கெடுத்துட்டீங்களே சம்பந்தி!" என்று கத்தினார். நீங்கள் பதில் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இனி நீங்கள் எதுவும் கேட்க மாட்டீர்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

"செத்த நேரம் இருங்கம்மா. அவகிட்ட கேட்டுட்டு வாரேன்."

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது!"

"வரட்டும், விடுங்க" என்றார் டாக்டர்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். என் நெற்றியில் கையை வைத்தீர்கள். டெட்டால் வாடைக்கு நடுவே உங்கள் விரலில் பூண்டு மணத்தது. நர்ஸ் முகத்தைச் சுளித்தார். எனக்கோ நம் வீடே உள்ளே வந்துவிட்டதுபோல் இருந்தது. "ஏம்மா இப்ப ஆபரேஷன்? இன்னும் கொஞ்சம் பாக்க முடியாதா?" என்று என் முன்னாலேயே டாக்டரைக் கேட்டீர்கள். ஒவ்வொரு வலிக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, பழையபடி ஏற நேரமாகிறது, இதற்குமேல் காத்திருப்பது பிள்ளைக்கு நல்லதில்லை என்று டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்.

"கேட்டியா தாயி? நீ என்ன சொல்ற?"

"பண்ணச் சொல்லுங்கப்பா" என்றேன். பயம்தான். ஆனால் என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகே நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

உங்கள் பேத்தி வீறிட்டு அழுதபடி பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அய்யோ, ஆபரேஷனா, பாவம்!" என்று துக்கம் விசாரிப்பதுபோல் உச்சுக்கொட்ட, ஒருநாள் நீங்கள் பொறுக்க மாட்டாமல் சொன்னீர்கள். "என்ன பாவம்? அவ கேட்டு எடுத்த டிக்கெட்டு அது."

அப்படிச் சொன்னவர், நான் தூங்குகிறேன் என்று நினைத்து டாக்டரிடம் கேட்டதும் எனக்குத் தெரியும். "அன்னிக்கு நான் ஊசி வேணாம்னு இழுத்தது தப்பாம்மா?" "போட்டிருந்தாலும் இதே மாதிரி ஆகியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது அய்யா. அன்னிக்குத் தெரிஞ்சத வச்சு நல்ல முடிவுதான் எடுத்தீங்க." நீங்கள் வராந்தாவுக்குப் போய் அழுதீர்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு உப்பு தூக்கலான பூண்டுக் குழம்பும், முள் நீக்காத பால்சுறாப் புட்டுமாக எனக்குப் பத்தியம் நடந்தது. அந்த வெஞ்சனத்தைத் தின்று நான் பிழைத்ததே பெரிய அதிசயம்! அத்தைக்கு உங்கள்மேல் வருத்தம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவருடைய மகளுக்கு மாசமானபோது, "சம்பந்தியையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு" என்று எனக்குத்தான் ஆள் அனுப்பினார்.

பேத்தி மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் உங்களுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னை வெளியே அழைத்தார். "தொண்டையில குழாய் வச்சு மெஷின்ல போடணும். பெரியவர்கிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம், பயந்துருவாரு. நீங்களே முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுங்க." சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பேனா என் கைக்கு வந்துவிட்டது.

"செத்த நேரம் இருங்க டாக்டர். அப்பாகிட்ட கேட்டுட்டு வாரேன்."

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். குழாய் எதற்கு, வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. நீங்கள் கேள்வி கேட்டீர்கள்.

"வச்சா நல்லாயிருவேனா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கறாங்கப்பா."

"பேச முடியுமா?"

"முடியாதுப்பா."

"அப்ப வேணாம் தாயி. வீட்டுக்குப் போவோம்."

வீட்டுக்கு வந்தோம். உங்கள் பேத்தி கட்டிலோரம் உட்கார்ந்து ஓயாமல் ஏன் தாத்தா, எதுக்குத் தாத்தா என்று கேட்டுக்கொண்டிருக்க, மூச்சு வாங்க வாங்க நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பேச்சு இருக்கும்போதே போனீர்கள். மெஷினில் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பீர்களோ என்று சில நாள் எனக்கு நெஞ்சைப் பிசையும். அப்போது நீங்கள் வராந்தாவில் நின்று அழுததை நினைத்துக்கொள்வேன். உங்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் அப்பா.

நாளைக்கு என் பிரசவம் நடந்த அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். பெஞ்சுகளை மாற்றிவிட்டார்களாம். இன்று நாங்கள் பூண்டு உரித்தபோது அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவள் அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ என்ன சொல்ற தாயி?"