வாசலோரக் கதிரை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

மருதமடு மாதா உங்களைக் காப்பாற்றட்டும். முழங்கால் வலி எப்படி? எங்கள் ஊர் அரிப்பில் இப்போது பனி கொட்டும், தலையில் துவாயைக் கட்டாமல் கரைக்குப் போக வேண்டாம். கொழும்பில் நான் சமைக்கும் வீட்டில் குறை ஒன்றுமில்லை.

எங்கள் பேத்தி டினோஜா பாடும் இசைக்குழுவை இரண்டு இரவுக் கிளப்புகள் பாட வரும்படி கேட்டிருக்கின்றன. எதை எடுப்பது என்று பார்க்க ஞாயிறு பின்னேரம் என்னையும் கூட்டிப்போனாள். ஒன்று மொட்டை மாடியில். மற்றது நிலத்துக்குக் கீழே. இறங்கவும் ஏறவும் ஒரேயொரு படிக்கட்டுத்தான்.

“இஞ்சதான் சவுண்ட் நல்லம், அம்மம்மா,” என்று கீழே நின்று பாடிக் காட்டினாள்.

“வேற கதவு இல்லையோ, பிள்ளை?”

“ஐயோ, நீங்கள் என்ர பாட்டையே கேக்கேல்லையோ?”

கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குண்டுக்கு ஒளித்த பங்கர் வாசலில் உங்கள் தங்கை பெற்றிசியா குந்திக்கொண்டு, கைப்பிள்ளையோடு நின்ற என்னை உள்ளே தள்ளியதும், மண் சரிந்து என் வாய்க்குள் போனதும்தான் நினைவில் வந்தன. 

டினோஜா அந்தக் கீழ் இடத்தையே எடுத்துவிட்டாள். நீங்கள் பயப்படாதீர்கள். சனிக்கிழமைகளில் நானும் போவேன். படிக்கட்டடியில் எனக்கொரு கதிரை கேட்டு வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் வரும் றெனால்டிடம் என் வார் வைத்த செருப்பைக் கொடுத்து விடுங்கள். ரப்பர் செருப்போடு ஓட ஏலாது. கருவாட்டுப் பொதியை நீங்களே கட்டுங்கள், உங்கள் முடிச்சு எனக்குத் தெரியும்.

பெற்றிசியா அன்று ஏன் வாசலை விட்டு அசையவில்லை என்று இப்போது விளங்குகிறது. அதற்காக, அன்றோடு பேச்சை விட்ட அவளோடு நான் கதைக்கப் போவதில்லை.

அடுப்பில் உலை கொதிக்கிறது, பேனையை வைக்கிறேன்.

திரேசம்மா