ஏழாவது குழியில் ஆள் இல்லை

பதிவு 211 | 08:10
நிலவுக் குவாரி, கட்டுப்பாட்டு அறை. எழுதுபவர்: பூங்கோதை, சுற்றுச்சூழல் பொறியாளர்.

நேற்று கிரஷரில் அரைத்தது நானூறு டன். ஜல்லி இறங்குதள வேலைக்குப் போய்விட்டது. மிஞ்சிய பாறைத்தூளில் ஒரு பிடிகூட வீணில்லை. தோண்டி முடித்த குழிகளை அதைக் கொண்டே மூடுகிறோம். பூமியில் மலைகளைத் தின்றுவிட்டுப் பள்ளங்களை அப்படியே போட்டுவிட்டு வந்த ஜனங்கள் நாம். இங்கே அது நடக்காது. நான் விடமாட்டேன்.

ஏழாவது குழியில் இன்று கடைசி வேட்டு. அதன்பின் உள்ளே ஆள் அசைவு இல்லை என்று கேமரா சொன்னதும், நிரப்பும் இயந்திரம் தானாகத் தூளைக் கொட்டத் தொடங்கும். முன்பு முப்பது நிமிடம் காத்திருக்கும். சும்மா ஓடும் மோட்டார் மின்சாரத்தைக் குடிக்கிறதென்று நேற்றுதான் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்தேன். தலைமையகம் பாராட்டியது. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

பதிவு 212 | 10:42
வேட்டுப் போடுபவர் என் அண்ணன் செங்கோடன். கூட மூன்று பேர். குழியின் அடியில் குடைந்த, கேமராவுக்குத் தெரியும்படி வாசல் திறந்த மறைவறையில் உட்கார்ந்து வெடிப்பார்கள். காற்றில்லாத இடத்தில் வெடிச்சத்தம் ஏது? பாறையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, எத்தனை துளை வெடித்தது என்று அதிர்வை எண்ணுவார்கள். ஊர்க் குவாரியில் காதால் எண்ணியதை இங்கே கைக்கு மாற்றிக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஐந்து நிமிடம் விரலைக்கூட அசைக்க மாட்டார்கள்.

நான் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். சிரித்தேன்.

தூளைக் கொட்டும் கன்வேயர் ஓடுகிறது. அவர்கள் இன்னும் ஏறி வரவில்லையே, இப்போது ஏன் ஓடுகிறது?

பதிவு 213 | 10:51
நிறுத்திவிட்டேன். தாமதம். பல நாளாகச் சேர்த்துவைத்த அறுநூறு டன் தூள் மறைவறையை வாசலோடு மூடிவிட்டது. அது விழுந்த அதிர்வை, பிந்தி வெடித்த வேட்டு என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே இருந்திருக்கிறார்கள்.

ரேடியோவில் அண்ணன்: "அம்மிணி, நாலு பேரும் உசுரோட இருக்கறோம். ஏழு போட்டேன், ஆறுதான் வெடிச்சுது. ஒண்ணு வாசலுக்கு மேல அப்படியே நிக்குது. அங்க மட்டும் பொக்லைன் பக்கெட்ட வெச்சராத."

காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு என்றார். குரலில் என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதிவு 214 | 11:05
பொக்லைன் நகர மறுக்கிறது. மூடிய குழியை யாரும் திருட்டுத்தனமாகத் திரும்பத் தோண்டக் கூடாதென்று அதற்குப் பூட்டுப் போட்டவளும் நான்தான். திறக்க ஏழு நாள் பரிசீலனை. பூமியிடம் கெஞ்சினேன். வந்த பதில்: "விதிவிலக்குக் கோரும் படிவம் அனுப்பப்பட்டுள்ளது."

சம்மட்டியை எடுத்தேன். பூட்டுப் பெட்டி நாலே அடியில் நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். அதற்கு வலிக்க வேண்டும் என்று அடித்தேன். தெறித்த தகடு கையுறையையும் விரலையும் கிழித்தது. ஒட்டுப் போட்டுக்கொண்டேன். உள்ளே ரத்தம் பிசுபிசுக்கிறது.

பதிவு 215 | 11:38
தோண்டுகிறேன். ஒரு பக்கெட் அள்ளினால் அரை பக்கெட் சரிகிறது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வாசல் எது, வேட்டு நிற்கும் இடம் எது என்று தெரியவில்லை.

அண்ணனின் ரேடியோ மங்குகிறது. கடைசியாகக் கேட்டது: "பயப்படாத. நாங்க கல்லத் தட்டறோம், ஆளுக்கு ஒண்ணு. நான் கடைசியாத் தட்டறேன். நீ எண்ணிக்க."

பதிவு 216 | 12:02
குரலில் பதிவு செய்கிறேன். வெடித்துவிட்டது. என் பக்கெட் அதன்மேல்தான் இறங்கியிருக்கிறது.

பொக்லைன் இரண்டாகக் கிடக்கிறது. நான் குழியின் அடியில், கழுத்து வரை தூளில். கால்கள் எங்கே என்று தெரியவில்லை. இடது கை முறிந்து உள்ளே புதைந்திருக்கிறது. தலைக்கவசக் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க என் ரத்தம். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வலது கை ஒன்றுதான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் கேபிள் அறுந்துவிட்டது. கேபிள் அறுந்தால் நிரப்பும் இயந்திரம் தன் விதிப்படி தானே ஓடும். அந்த விதியை எழுதியவள் யாரென்று இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையை ஆட்டுகிறேன். கேமரா பார்க்கிறது. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதிவு 217 | 12:14
கை ஓய்ந்த நேரம் பக்கத்துப் பாறையில் வைத்தேன். உள்ளங்கையில் ஏதோ துடித்தது. எடுத்து ஆட்டினேன். மறுபடி வைத்தேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நாலாவது வரவில்லை. நாலாவது அண்ணன்.

ஆட்ட வேண்டும். தெரிகிறது. எடுத்த நேரத்தில் அவர் தட்டிவிட்டால்? நான் கொன்றேனா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்னும் கொஞ்சம்.

தட்டு அண்ணா. அசையாமல் இருக்கிறேன். இப்போதாவது உங்களைப் போலவே உட்கார்ந்து எண்ணு

பதிவு 218 | 12:17 | தானியங்கி
ஏழாவது குழி.
தரை அதிர்வு: நான்கு.
ஆள் அசைவு: இரண்டு நிமிடமாக இல்லை.
நிரப்பும் பணி தொடங்கியது.