எல்லாவற்றுக்கும் ஐந்து

சிடாம் கிரி
16.6.2025

கேள்வித்தாள் கொண்டுவந்த ரூபினிக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன அட்டையில் விலாசம் இருந்தது. சந்தேகம் இருந்தால் போனில் கூப்பிடுங்கள் என்றாய். போனில் பேசியதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்து, முப்பத்தொரு கேள்வி கேட்டாய். மாநில அரசாங்கம் எப்படி, தமிழ்ப்பள்ளி எப்படி, பிள்ளைகளின் வருங்காலம் எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி போடுங்கள் என்றாய். எல்லாவற்றுக்கும் ஐந்து சொன்னேன். என் பெயரை நீ கேட்கவே இல்லை. வீட்டு நம்பரை மட்டும் எழுதிக்கொண்டாய். பெயர் வேண்டாத ஆளுக்கு வீட்டு நம்பர் எதற்கு?

1991-இல் இதே மாதிரி ஒருவன் வந்தான். அப்போது நாங்கள் பழைய தோட்டத்தில் இருந்தோம். நீலச் சட்டை. இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம் இருந்தது, கடிகாரம் இல்லை. "இங்க இருக்கப் புடிக்குதா, வேற எடம் குடுத்தா போவீங்களா?" என்று கேட்டான். வீடு தேடி வந்தவனிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று, என் வீட்டுக்காரர் ராமையா "குடுத்தா நல்லதுதாங்க" என்றார். அந்த வருஷம் எட்டாம் மாதமே வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. குடியிருப்பவர்களே போக விரும்புகிறார்களாம். எழுபத்திரண்டு வீடும் போனது. சாகும்வரை அந்த ஒரு பேச்சைச் சொல்லித்தான் அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

உன்னை அனுப்பியது யார்? தாளில் பதில் வரட்டும்.

ஏழாம் வீட்டுக்காரி


அலோர் ஸ்டார்
23.6.2025

மதிப்பிற்குரிய பாட்டி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்னை அனுப்பியது என் பல்கலைக்கழகம். கெடா மாநில மக்கள் தங்கள் அரசாங்கத்தையும் பள்ளிகளையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று படிப்புக்காக ஆராய்கிறேன். சொன்னவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் பெயர் கேட்பதில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போகாமலிருக்க நம்பர். வேறு காரணம் இல்லை.

எனக்கும் ஒரு சந்தேகம். உங்கள் லயத்து வரிசையில் இருபத்து மூன்று வீடு. இருபத்து மூன்றும் எல்லாவற்றுக்கும் ஐந்து சொல்லியிருக்கின்றன. நான் போன வேறு எந்த இடத்திலும் இப்படி இல்லை. ஐந்து என்றால் முழுத் திருப்தி. வரும் வழியில் பள்ளி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வகுப்புக்குள் மூன்று வாளி வைத்திருந்தார்கள்.

அன்புடன்,
ரூபினி


சிடாம் கிரி
28.6.2025

ரூபினிக்கு,

பாட்டி என்று எழுதியிருக்கிறாய். என் பேரப்பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியும். உறவு பிறகு பார்க்கலாம்.

மூன்று வாளி இல்லை. சிவப்பு வாளி இரண்டு, மற்றது பெயிண்ட் டின்.

நீ கெட்டிக்காரி, அதனால் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக் காளியம்மா ஓடிவந்து, "அக்கா, ஃபைல் வச்சிக்கிட்டு ஒரு புள்ள எறங்குது" என்றாள். நீ நடந்து வருவதற்குள் முதல் வீட்டில் சொல்லிவிட்டேன். நீ அங்கே செருப்பைக் கழற்றும்போது நான் பின்வாசல் வழியாக மற்ற வீடுகளுக்குப் போய்விட்டேன். எது கேட்டாலும் அஞ்சு சொல்லி அனுப்பிடுங்க என்றேன். நல்லா இருக்கு என்றால் ஒருவனும் வந்து எதையும் பிடுங்க மாட்டான்.

பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவது உண்மை. பேத்தி பிரேமலா மூன்றாம் வகுப்பு. மழை வந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிறாள். இதை நான் சொன்னதாக எழுதாதே.

ஏழாம் வீட்டுக்காரி


அலோர் ஸ்டார்
3.7.2025

அம்மா அவர்களுக்கு,

இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. பழைய பள்ளிகளுக்குக் கூரை மாற்றிக் கொடுக்கும் ஓர் அறவாரியம் இந்த ஆய்வின் முடிவைக் கேட்டிருக்கிறது. எங்கே மக்களுக்கு மனக்குறை அதிகமோ அங்கே முதலில் போவார்கள். செமிலிங் பக்கம் ஒன்றும் இரண்டுமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பள்ளி பட்டியலில் கடைசி.

நானாக ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கூப்பிட்டால் திரும்ப வந்து முதலிலிருந்து கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னால் கூரை கட்டாயம் வருமா, நம்மைக் கிளப்பிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். இரண்டையும் என்னால் எழுதித் தர முடியாது.

ரூபினி


சிடாம் கிரி
10.7.2025

மகள் ரூபினிக்கு,

நீலச் சட்டைக்காரன் எல்லாவற்றையும் எழுதித் தந்தான். வீடு, தண்ணீர், கரண்ட், கோயிலுக்கு இடம். அந்தத் தாள் இன்னும் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. நீ முடியாது என்று எழுதியிருக்கிறாய். அதனால் கொஞ்சம் நம்புகிறேன். கொஞ்சம்தான்.

மூன்று நாளாக யோசித்தேன். ராமையா அன்றைக்குச் சொன்னதும் ஐந்துதான். அவர் மரியாதைக்குச் சொன்னார். நான் பயத்துக்குச் சொன்னேன். அதையே மற்ற இருபத்திரண்டு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தேன். முப்பத்து நாலு வருஷம் அந்த மனுஷன் மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று திரும்ப எல்லா வீட்டுக்கும் போனேன், இந்தத் தடவை முன்வாசல் வழியாக. கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றேன். பதினோராம் வீட்டு அய்யாவு சிரிக்கிறான். "அன்னிக்கு அஞ்சு, இன்னிக்கு ஒன்னு. இன்னும் ரெண்டு நம்பர் சொல்லுங்கக்கா, நாலு நம்பர் லாட்டரில போட்டுப் பாக்குறேன்லா." காளியம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்மள இங்கருந்து தூக்கிட்டாங்கன்னா?" என்றாள். தூக்குகிறவன் ஐந்து போட்டாலும் தூக்குவான் என்றேன். இரண்டு வீட்டில் கதவையே திறக்கவில்லை. அவர்களை நான் மறக்க மாட்டேன்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை வா. புதுத் தாள் கொண்டுவா. பள்ளிக்கூடத்துக்கு என் புள்ளி ஒன்று. டீச்சருக்குத் தனியாகக் கட்டம் இருந்தால் அதில் ஐந்து போடு, அந்தப் பெண்தான் வாளியைக் கொட்டுகிறாள். அரசாங்கத்தைப் பற்றி உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், கடிதத்தில் இல்லை.

உன் தாளில் பெயருக்கு இடமில்லை என்று தெரியும். ஓரத்தில் எழுது. நாளைக்கு யாராவது கேட்டால் சொன்னது வீட்டு நம்பர் இல்லை, ஒரு ஆள் என்று தெரியட்டும்.

வருங்காலம் எப்படி என்ற கேள்வியைக் காலியாக விடு. பள்ளிக்குப் புதுக் கூரை ஏறிய பிறகு வந்து கேள்.

இப்படிக்கு,
ராமையா மனைவி சிகப்பி