புல் கடிக்காத கன்று

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

எருமைக் கன்று மதியம் செத்துப்போனது. பிறந்து இருபத்தைந்து நாள்தான். வயிறு உப்பியிருந்ததைப் பார்த்து, பால் நன்றாகக் குடிக்கிறது என்று பெருமைப்பட்டேன். களிமண் நிறத்தில் நாற்றமாகக் கழிந்தபோதும், பால் செரிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

காலையில் ஏம்பலத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "பத்தாம் நாள் குடுக்கச் சொன்ன பூச்சி மருந்த குடுத்தீங்களாம்மா?"

"புல்லே கடிக்காத கன்னுக்குப் பூச்சி எங்கேர்ந்து சார் வரும்?"

"தாய்ப்பால்லயே வரும்மா."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கன்று போன பிறகு பக்கத்து வீட்டுச் செல்வி ஓடி வந்தாள். "வுடுக்கா, நம்ம கையில இன்னா இருக்கு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டிலும் ஓர் எருமைக் கன்று இருக்கிறது. பிறந்து பன்னிரண்டு நாள். முந்தாநாள் அதற்கு மருந்து கொடுக்கப் போனவளைத் தடுத்ததே நான். "புல்லே கடிக்காத கன்னுக்கு எதுக்குடி?" என்று சிரித்தேன். "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்று பாட்டிலை அப்படியே தூக்கி வைத்துவிட்டாள்.

அவள் அழுத அழுகைக்கு நடுவிலாவது சொல்லியிருக்கலாம். என் கன்றை நானே கொன்றேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ச் சொல்ல வேண்டும். அவள் வீட்டு விளக்கு இன்னும் அணையவில்லை. நான்தான் இங்கே உட்கார்ந்துகொண்டு காலையில், காலையில் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.